திருவான்மியூருக்கு யார் வழிகாட்டுவது?

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட கதை நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். அதே எம்டன் சில வாரம் கழித்து ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்ததையும், அந்தக் கப்பலில் சென்னைக்கு வரவேண்டிய ஒரு கண்காட்சி இருந்ததையும் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஸ்காட்லாந்துக்காரரான நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெடிஸ் பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த நகர வரைபடங்கள், படங்கள், மாதிரிகள் எல்லாம் கடலுக்குள் போயின. நண்பர்கள் அவசர அவசரமாக வேறொரு தொகுப்பைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 தொடக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையில் கண்காட்சி நடந்தே விட்டது. பிறகு கெடிஸ் மாகாணத்து ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நம் கோயில் நகரங்களின் அமைப்பை வியந்து எழுதிய வெள்ளைக்காரர்களில் அவரும் ஒருவர்.

கெடிஸின் வழி எளிமையானது. எடின்பரோவில் 1892இல் ஒரு பழைய கோபுர வீட்டை வாங்கினார். வருகிறவர்களை நேரே மொட்டை மாடிக்கு ஏற்றி ஊரைக் காட்டுவார். இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் அந்த ஊர், அந்த நாடு, கண்டம், உலகம் என்று காட்சிகள் விரியும். பார்த்து முடித்தவர் வாசலைத் தாண்டினால் தெருவில் நிற்பார். கண்காட்சியும் தெருவும் ஒரே பாடத்தின் இரண்டு பாதி. இந்த எண்ணத்தைச் சுமந்த மனிதர் சென்னைக்கு வந்துபோய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. இடையில் இங்கே அருங்காட்சியகங்களும் பெருகின, வழிகாட்டியோடு நடக்கும் மரபு நடைகளும் பெருகின. இரண்டும் இன்னும் ஒன்றாகச் சேரவில்லை என்பதே என் கணிப்பு. எங்கள் திருவான்மியூரை வைத்துப் பார்த்தால் அது நன்றாகத் தெரிகிறது.

முதலில் அருங்காட்சியகம். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் கல்லூரிச் சாலையில் ஆரம்பித்தது. பொறுப்பு எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரிடம். 1854இல் பாந்தியன் வளாகத்துக்கு இடம் மாறியது. பழைய சென்னைக்காரர்கள் அதைச் செத்த காலேஜ் என்றும், விலங்குகள் இருந்த இடத்தை உயிர் காலேஜ் என்றும் சொன்னது வெறும் கிண்டல் இல்லை. கிராமத்திலிருந்து வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே போனார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அமராவதிச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் என்று அங்கே இருப்பதை ஒரு நாளில் பார்த்து முடிக்க முடியாது. ஆனால் அது மாகாணம் முழுவதற்குமாக உருவானது. நகரத்தின் கதையைச் சொல்வது அதன் வேலையாக இருந்ததில்லை. கோட்டை அருங்காட்சியகம் 1948இல் திறந்தது. அதன் பேச்சு கோட்டைச் சுவருக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பு 1904இல் எழும்பூருக்கு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கல் பத்திரமாக இருக்கிறது. பல்லாவரத்துக்குப் போனால் கண்டோன்மென்ட் இருக்கிறது, வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது, தலைக்கு மேல் விமானம் போகிறது. கல்லைப் பார்த்தவனுக்கு நிலம் தெரியாது. நிலத்தில் நிற்பவனுக்குக் கல் தெரியாது. பொருளை அதன் இடத்திலிருந்து எடுத்தால்தான் காப்பாற்ற முடியும் என்பது உண்மைதான். எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் கோளாறு.

முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா இதையே வேறு விதமாகச் செய்தது. டெபோரா தியாகராஜன் முன்னெடுத்த மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் 1996 டிசம்பரில் அதைத் திறந்தது. இடிக்கப்பட இருந்த செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று கழற்றிக் கொண்டுவந்து மறுபடி எழுப்பினார்கள். குயவர் சக்கரத்தைச் சுற்ற, பிள்ளைகள் கையில் களிமண் ஒட்ட, பள்ளிச் சுற்றுலாவுக்கு அதைவிட நல்ல இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இல்லை. முற்றத்துத் தூணைத் தொட்டுப் பார்க்கலாம், திண்ணையில் உட்காரலாம். அங்கே இல்லாதது அக்கம்பக்கம் மட்டும்தான்: அடுத்த வீட்டுக்காரர், தெருமுனைக் கடை, சேரி, குளத்தங்கரைச் சண்டை. அந்தக் குறையைத் தீர்க்கவே நடைகள் வந்தன என்று சொல்லலாம்.

சென்னையில் மரபு நடை என்ற வழக்கத்துக்கு எஸ். முத்தையாவை விட்டுவிட்டு வரலாறு எழுத முடியாது. 1981இல் வந்த அவருடைய சென்னை நூலும், 1991இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிங்ஸ் இதழும் கட்டடங்களை நிமிர்ந்து பார்க்கக் கற்றுக் கொடுத்தன. வெங்கடேஷ் ராமகிருஷ்ணன், நிவேதிதா லூயிஸ் போன்று பின்னால் வந்த எழுத்தாளர்கள் அந்தப் பார்வையை அவரவர் பக்கம் திருப்பினார்கள். வி. ஸ்ரீராம் 1990களின் இறுதியிலிருந்தே நடைகளை நடத்துகிறார். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூவரும் 2004இல் மெட்ராஸ் தினத்தை ஆரம்பித்தார்கள். இப்போது அது ஆகஸ்ட் மாதம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. 2007இல் ஸ்டோரிட்ரெயில்ஸ் வந்து கதை சொல்வதைத் தொழிலாகவே ஆக்கியது. ‘நிழல்’ அமைப்பு மரங்களுக்கு நடை நடத்துகிறது. கோம்பை எஸ். அன்வர் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கு அழைத்துப் போய், தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை அந்தத் தாழ்வாரத்திலேயே நின்று சொல்கிறார். காலை ஆறரைக்கு, வெயிலும் போக்குவரத்தும் ஏறும் முன்பு கூடி, எட்டரைக்கு இட்லி காபியோடு கலைவது என்பது ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. அந்தச் சடங்கை நான் குறை சொல்ல மாட்டேன். காபி குடிக்கும்போதுதான் பக்கத்தில் நிற்கும் பெரியவர், வழிகாட்டி சொல்லாத ஒன்றைச் சொல்வார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நடைகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். ஜார்ஜ் டவுன், கோட்டை, மயிலாப்பூர் மாடவீதிகள், கொஞ்சம் திருவல்லிக்கேணி, கொஞ்சம் எழும்பூர். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். மாடவீதியில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு, தன் வீட்டு வாசலில் நின்று தன் தெருவைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. மெட்ராஸ் தினத்துக்கு அடிப்படையான 1639 ஆகஸ்ட் 22 என்ற தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் வாங்கிய நாள் அது. கம்பெனிக்கு அது பிறந்த நாளாக இருக்கலாம், ஊருக்கு எப்படி ஆகும் என்று கேட்டு, ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சென்னையைப் பேசும் குழுவினரும் இருக்கிறார்கள். எனக்கு இரு தரப்பிலும் பாதி நியாயம் தெரிகிறது. ஒரு கொண்டாட்டத்துக்குத் தேதி வேண்டும். ஆகஸ்ட் 22 இல்லாவிட்டால் இத்தனை பேர் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தேதியை வைத்தே நடைபாதையையும் வரைந்துவிட்டால், கம்பெனி தொடாத ஊர்கள் எல்லாம் படத்துக்கு வெளியே போய்விடும். எங்கள் ஊர் அப்படிப் போன ஒன்று. கோட்டைக்குத் தெற்கே வெகுதூரம், செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில் நெடுங்காலம் கிடந்த கிராமம். தூண் வைத்த பங்களாவோ, இந்தோ சாரசெனிக் கோபுரமோ இங்கே இல்லை. மரபுக் கட்டடப் பட்டியல் போடுகிறவரின் பேனா இந்தப் பக்கம் அதிகம் நிற்காது.

மருந்தீசுவரர் கோயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் உள்ள தலம். ஆனால் கோயிலுக்குள் நுழைகிற வழிகாட்டி முதலில் எடுப்பது தலபுராணத்தைத்தான். அகத்தியருக்கு இறைவன் மருந்தின் இயல்பைச் சொன்னது, வான்மீகி வழிபட்டது, அப்பைய தீட்சிதருக்காகச் சுவாமி மேற்கே திரும்பியது. இவற்றைச் சொல்லத்தான் வேண்டும். ஊர் தன்னைப் பற்றி என்ன நம்புகிறது என்பதும் வரலாறே. வன்னி மரத்தடியில் விபூதி வாங்கிக்கொண்டு நிற்கும் நோயாளிக்கு அகத்தியர் கதைதான் பெரிது. ஆனால் புராணம் எது, கல்லில் வெட்டியது எது என்று பிரித்துச் சொல்கிற நடைகள் குறைவு. கல்வெட்டு இருக்கும் சுவரைச் சுட்டிக்காட்டி, “சோழர் காலம்” என்று ஒரே சொல்லில் கடந்து போனால் கேட்பவருக்கு என்ன கிடைக்கும்?

கல்வெட்டை ஒருமுறை படியெடுத்துக் காட்டினால் போதும், பார்த்தவர் மறக்க மாட்டார். சுவரைத் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, கெட்டித் தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். பாதி காய்ந்ததும் மையொற்றியால் மேலே ஒற்றினால், மேடு கறுத்துப் பள்ளம் வெள்ளையாக நிற்கும். அதுவரை சொறசொறத்த கல்லாகத் தெரிந்தது வரிகளாகிவிடும். நிலதானம், விளக்குக்கு ஆடு, சாவாமூவாப் பேராடு என்று கணக்கு வழக்குகள் வெளியே வரும். இப்படி எடுத்த தமிழ்க் கல்வெட்டுப் படிகள் பல பத்தாண்டுகள் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. கல் ஊரில், படி வேறு மாநிலத்தில், இரண்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில். திருப்பணி என்று மணல்வீச்சு அடித்து எழுத்து மழுங்கிப்போன கோயில்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. ஒரு கோயில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தத் தெருவில் இருபது பேருக்குத் தெரிந்திருந்தால், மணல் எந்திரத்தை யாரும் துணிந்து உள்ளே கொண்டுவர மாட்டார்கள்.

கோயிலிலிருந்து கலாக்ஷேத்ரா நடக்கும் தூரம்தான். 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் தொடங்கிய நிறுவனம், 1960களில் திருவான்மியூர் மணல்வெளிக்கு வந்தது. 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. நாட்டியத்துக்காக மட்டும் அதை நினைப்பவர்கள் கைத்தொழில் மையத்தைத் தவறவிட்டு விடுகிறார்கள். என்னைக் கேட்டால், தெற்குச் சென்னையின் நல்ல அருங்காட்சியகப் பாடம் தறிப்பக்கம்தான். அகலக் கரையைக் கோர்வையாக நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. நெசவாளர் ஒருவர் கையால் மட்டும் முடியாது. மறுபக்கம் கரை நாடாவைப் போட ஒரு கையாள் வேண்டும். அரக்குப் புடவையில் பச்சைக் கரை சேரும் அந்தக் கோட்டை விரலால் தடவினால், இரண்டு பேர் உழைப்பு அங்கே பூட்டிக்கொண்டிருப்பது தெரியும். கலம்காரிக்குத் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைப்பார்கள். கறுப்புக்கு இரும்பும் வெல்லமும் புளித்த நீர், சிவப்புக்குப் படிகாரம். இந்த மணம் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வராது. கண்காட்சியில் தொங்கும் புடவைக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். நாம்தான் அவர்களை அரங்கின் ஓட்டுக் கூரைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம்.

வடக்கே கொஞ்சம் போனால் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். ஐயர் மறைந்த மறுவருடம், 1943இல், இதே ருக்மிணி தேவி முயற்சியில் உருவானது. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த மனிதர் சேர்த்த புத்தகம், துண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கி, நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போகாமல் இங்கேயே வைத்தது. ஒரு பக்கம் உ.வே.சா.வின் ஓலை ஏடு, இன்னொரு பக்கம் பாட்டுப் புத்தகம். நடுவில் எங்கள் ஜெயந்தி சிக்னல். ஜெயந்தி தியேட்டர் போய்விட்டது, ஷேர் ஆட்டோக்காரர் மட்டும் இன்னும் “ஜெயந்தி, ஜெயந்தி” என்று கூவுகிறார். டிக்கெட்டுக்கு அடித்துப் பிடித்த கூட்டம் எங்கிருந்து வந்தது, எந்தக் குப்பத்துக்காரர் எந்த நடிகருக்குக் கட்அவுட் வைத்தார் என்பது இந்த ஊரின் வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம். அந்தக் காலப் படங்களின் பாட்டுப் புத்தகங்களைத் தரமணியில் பார்த்துவிட்டு, சிக்னலுக்கு வந்து நின்று, அந்த வரிசையில் நின்ற ஒரு பெரியவரைப் பேச விட்டால் அதுதான் நடை. இதற்குத் தூணும் வளைவும் தேவையில்லை.

திருவான்மியூர்க் கடற்கரையிலோ பழைய நடை ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. யாரும் அதை மரபு நடை என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், பங்குனி ஆமை கரையேறும் மாதங்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடக்கிறார்கள். தடம் தெரிந்தால் நிற்பார்கள். மணலை மெல்லக் குத்திப் பார்த்து, முட்டைக் குழியைக் கண்டுபிடித்து, எண்ணி எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். வார இறுதிகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். போகிற வழியில் கரையோரக் கட்டடங்களின் விளக்கு ஏன் ஆமைக்குஞ்சைத் திசை மாற்றுகிறது, விசைப்படகு வலை என்ன செய்கிறது என்று பேச்சு போகும். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, முதலில் எண்ணிக்கை வைத்திருந்தவர்கள் நடந்தவர்களே. நடையால் ஒரு பதிவேடு உருவாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சென்னையில் எனக்குத் தெரிந்து இல்லை. மற்ற நடைகள் பலவும் பேசியவர் போனதோடு போய்விடும். எஸ். முத்தையா 2019இல் மறைந்த பிறகும் அவர் சொன்னது மிஞ்சியது, அவர் வாரந்தோறும் எழுதி வைத்ததால்தான்.

குப்பங்களுக்குப் போகும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஊரூர் குப்பத்துக்குப் பக்கத்தில் ஆல்காட் பள்ளி. ‘பஞ்சமர்’ என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காகக் கர்னல் ஆல்காட் 1894இல் தொடங்கிய இலவசப் பள்ளிகளின் வழி வந்தது. தியசாபிகல் சொசைட்டியின் ஆலமரத்தைப் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பள்ளி வாசலுக்கு வருகிறார்கள்? எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம். 1930இல் கடலில் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டென்மார்க்குக்காரர் அவர். மரியாதைக்குரிய மனிதர். அதே கடலில் போன கட்டுமரக்காரர்களுக்கு வளைவு கட்டினவர் யாருமில்லை. கேமராவோடு முப்பது பேர் குப்பத்துச் சந்துக்குள் நுழைந்து, வலை பின்னுகிறவரைச் சுற்றி நின்று, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வழிகாட்டி மட்டும் பேசிவிட்டுப் போவது எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. காற்றும் நீரோட்டமும் எந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்த அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

டெல்லியில் சலாம் பாலக் டிரஸ்ட் ஒரு வழி காட்டியது. ஒரு காலத்தில் ரயில் நிலையத்தில் அலைந்த பிள்ளைகளே பகாட்கஞ்சுக்கு வழிகாட்டிகள். டொரோண்டோவில், நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் பெயரில் 2007 முதல் மே மாதம் நடக்கும் நடைகளில், அந்தந்தத் தெருவாசிகளே கூட்டிப் போகிறார்கள், கட்டணம் இல்லை. இரண்டையும் அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. இலவசம் என்றால் குப்பத்துக்காரர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டும், அது நியாயமில்லை. காசு வாங்கினால் நடை ஒரு பொருளாகி, வருகிறவருக்குப் பிடித்ததை மட்டும் சொல்லும் பழக்கம் வந்துவிடும். அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகள் மாமல்லபுரத்திலும் பெரிய கோயில்களிலும் பிழைப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். திருவான்மியூருக்கு அவர்கள் வரக் காரணமில்லை. எனவே செலவை ஒரு நிறுவனம் ஏற்க வேண்டும். அருங்காட்சியகம், நூலகம் என்று நிலையாக நிற்பவை செய்யக்கூடிய வேலை இதுதான்: ஊர்க்காரர் ஒருவருக்கு நாள் சம்பளம், அவர் சொன்னதைப் பதிந்துவைக்க ஓர் அலமாரி, அவர் சொன்னதைச் சரிபார்க்க ஓர் ஆய்வாளர், பேச்சு தமிழில், தேவைப்பட்டால் ஆங்கிலத்தில் ஒருவர் விளக்கம். பெரிய பணம் ஆகாது. ஒரு மெட்ராஸ் தினப் பேனருக்கும் மேடைக்கும் ஆகும் செலவில் ஒரு பருவமே நடத்தலாம்.

இதற்கு அவசரம் வந்திருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிப்காட் வரை போகும் தடம், திருவான்மியூருக்கு அடியில் நிலையம் தோண்டுகிறது. ஏதென்ஸ் நகரத்தில் மெட்ரோ தோண்டியபோது கிடைத்தவற்றைச் சின்டாக்மா நிலையத்திலேயே கண்ணாடிக்குள் வைத்தார்கள். வேலைக்குப் போகிறவன் டிக்கெட் எடுக்கும் இடத்தில் மண்ணடுக்கைப் பார்த்துவிட்டுப் போகிறான். எங்கள் மண்ணிலிருந்து என்ன வரும், வராது என்பது வேறு விஷயம். நிலையத்தில் சுவர் நிச்சயம் வரும். கோயில் கல்வெட்டின் படி ஒன்று, கோர்வைக் கரைத் துண்டு ஒன்று, ஜெயந்தியில் ஓடிய படத்தின் பாட்டுப் புத்தகம் ஒன்று, பொரிப்பகத்துக் கணக்கேட்டின் ஒரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் கீழே எந்தத் தெருவுக்குப் போய் யாரைக் கேட்க வேண்டும் என்று இரண்டு வரி. குடியிருப்போர் சங்கம், கோயில் நிர்வாகம், குப்பத்துப் பஞ்சாயத்து, இரண்டு நூலகம், கலாக்ஷேத்ரா எல்லாம் சேர்ந்து இப்போதே மெட்ரோ நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதலாம். விளம்பரத்துக்குச் சுவரை ஏலம் விட்ட பிறகு எழுதினால் பலகை வைக்க இடம் கிடைக்காது.